கரண்ட் வந்ததும் மோட்டர் தானாக ஓடுவது ஏன்? ராஸ்பெரி பை பின்களுக்கு வேலை கொடுப்பவர்கள்

கிணற்றடியில் ஒரு பெட்டி. உள்ளே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி போர்ட், நீர்மட்டம் பார்க்க ஒரு சென்சர், மண் ஈரம் பார்க்க இன்னொன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மொடியூல், மோட்டரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே. யாழ்ப்பாணத்துத் தோட்டத்துக்கு இது பொருத்தமான பெட்டிதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. மேசையில் வைத்துப் பார்க்கும்வரை பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். தோட்டத்தில் பூட்டி, ஒரு தரம் கரண்ட் போய் வந்த பிறகுதான் வில்லங்கம் தொடங்கும். முறைப்பாடுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்:

1. கரண்ட் வந்ததும், நிரல் தொடங்கும் முன்பே, ரிலே 'டிக்' என்று அடித்து மோட்டர் ஓடுகிறது.
2. நேற்றுவரை பதில் சொன்ன ஜிஎஸ்எம் மொடியூல், நிரலில் ஒரு பட்டனைச் சேர்த்த பிறகு வாயே திறப்பதில்லை. கம்பி எதுவும் கழரவில்லை.
3. பழைய போர்டில் ஓடிய நிரலை ராஸ்பெரி பை 5இல் போட்டால் தொடக்கத்திலேயே பிழை காட்டி நிற்கிறது.

போர்ட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், போர்டில் கம்பி செருகும் 'பின்' என்ற பொருளைப் பற்றி ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சொந்த வேலை கிடையாது. யாரோ கொடுக்கும் வேலையைத்தான் அது செய்கிறது. கொடுப்பவர்கள் நாலு பேர், ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் வருகிறார்.

முதலில், 17ஆம் பின் எது?

2014இல் வந்த பி பிளஸ் மொடலில் இருந்து ராஸ்பெரி பையில் இரண்டு வரிசையாக 40 பின்கள் இருக்கின்றன. அவற்றில் 3.3 வோல்ட் இரண்டு, 5 வோல்ட் இரண்டு, கிரவுண்ட் எட்டு. மிச்சம் 28 பின்களும் பொதுப்பயன் பின்கள். ஜிபிஐஓ என்று சொல்வது இவற்றைத்தான்.

பெயரிடுவதில்தான் முதல் சிக்கல். ஓரத்தில் இருந்து எண்ணிக்கொண்டு போனால் 17ஆம் இடத்தில் இருப்பது 3.3 வோல்ட் மின்வழங்கல். சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 17 என்பதோ 11ஆம் இடத்தில் இருக்கிறது. பழைய வயரிங்பை லைப்ரரியில் அதே பின்னுக்குப் பெயர் 0. ரிலேயின் கம்பியை எண்ணிப் பார்த்து 17இல் செருகியவருக்கு மோட்டர் நிற்கவே நிற்காது. நிரலில் எத்தனை தரம் நிறுத்தச் சொன்னாலும் அந்த இடத்தில் 3.3 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டுரையில் 'ஜிபிஐஓ' என்றால் சிப்பின் எண், 'இடம்' என்றால் எண்ணிக் கண்டது.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. இந்த 28இல் ஒன்றுகூட 5 வோல்ட்டைத் தாங்காது. 5 வோல்ட்டில் பதில் சொல்லும் அல்ட்ராசோனிக் நீர்மட்ட சென்சரை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டால் பிரித்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், கூடிக் குறையும் வோல்ட்டை அளக்கும் அனலொக் உள்ளீடு இதில் இல்லவே இல்லை. மண் ஈர சென்சருக்கு ஏடிஎஸ் 1115 போன்ற மாற்றி ஒன்று நடுவில் வேண்டும்.

மடை மாற்றுவது போல

சிப்புக்குள் பல சிறிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று சீரியல் தொடர்பு பேசும். அதற்கு யுஆர்ட் என்று பெயர். இரண்டு கம்பியில் பல சென்சர்களோடு பேசும் ஐ2சி ஒன்று. வேகமான எஸ்பிஐ ஒன்று. துடிப்பின் அகலத்தை மாற்றி வெளிச்சத்தையோ வேகத்தையோ கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பின் வைத்தால் சிப் பெருத்து, விலையும் ஏறும். ஆகவே ஒரே பின்னைப் பல இயந்திரங்களோடு இணைத்து, நடுவில் ஒரு தெரிவுச் சுவிட்சை வைத்துவிடுகிறார்கள். அதுதான் மல்டிபிளெக்சர். சுருக்கமாக மக்ஸ், பின்மக்ஸ் என்பார்கள்.

தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டர் இறைக்கும் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வருகிறது. அவர் மண்வெட்டியால் ஒரு பாத்தியின் மடையை வெட்டித் திறந்து, மற்றதை மண் இழுத்து மூடுகிறார். ஒரு நேரத்தில் ஒரு பாத்தி. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தண்ணீர் மாறுகிறவர் முந்திய பாத்தி நிறைந்ததா என்று பார்ப்பார். மக்ஸ் எதையும் பார்க்காது. மாறு என்று எழுதினால் மாறிவிடும், முந்தியது பாதி வார்த்தையில் நின்றாலும்.

எழுதுவது எங்கே? ராஸ்பெரி பையின் முதல் மொடல் முதல் 4 வரை, ஒவ்வொரு பின்னுக்கும் சிப்புக்குள் 3 பிட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். 3 பிட் என்றால் எட்டுத் தெரிவு: உள்ளீடு, வெளியீடு, மாற்று வேலைகள் ஆறு. மாற்று வேலைகளை ஆல்ட் 0 முதல் ஆல்ட் 5 வரை எண்ணுகிறார்கள். ஜிபிஐஓ 14ஐ, அதாவது 8ஆம் இடத்துப் பின்னை, கிட்டப்போய்ப் பார்ப்போம்:

- 000 எழுதினால் சாதாரண உள்ளீடு.
- 001 எழுதினால் சாதாரண வெளியீடு.
- 100 எழுதினால் ஆல்ட் 0: முழுமையான யுஆர்ட்டின் அனுப்பும் கம்பி.
- 010 எழுதினால் ஆல்ட் 5: மினி யுஆர்ட் என்னும் வேறொரு இயந்திரத்தின் அனுப்பும் கம்பி.

010 என்பதைப் பார்த்து ஆல்ட் 2 என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சிப்பில் எண்களுக்கும் பெயர்களுக்கும் நேரான உறவு இல்லை. அட்டவணையைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறு: வெளியே அதே பின், அதே கம்பி. உள்ளே மூன்றே மூன்று பிட் மாறினால் பேசுகிற ஆளே மாறிவிடுகிறார்.

மக்ஸ் தவிர ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளேயே ஒரு இழுப்பு ரெசிஸ்டர் உண்டு, ஏறத்தாழ 50 கிலோ ஓம். பின்னை மேலே 3.3 வோல்ட்டுக்கு இழுத்தால் புல்-அப், கீழே கிரவுண்டுக்கு இழுத்தால் புல்-டவுன். மோட்டர் கதையில் இது முக்கியமாக வரும்.

வேலை கொடுக்கும் நாலு பேர்

கரண்ட் வந்த கணத்தில் இருந்து வரிசையாக:

1. சிப். பிறந்த நிலையில் பின்கள் உள்ளீடாக இருக்கும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை புல்-அப், 9 முதல் 27 வரை புல்-டவுன்.
2. பூட் ஃபேர்ம்வெயார், போர்டை எழுப்பும் முதல் மென்பொருள். எஸ்டி கார்ட்டில் இருக்கும் கொன்பிக் கோப்பைப் படித்து, அதில் சொன்னபடி சில பின்களை மாற்றும். ராஸ்பெரி பை இயங்குதளத்தின் 2023இல் வந்த புக்வேர்ம் பதிப்பில் இருந்து இந்தக் கோப்பு பூட் கோப்புறைக்குள் ஃபேர்ம்வெயார் என்னும் உட்கோப்புறையில் இருக்கிறது. பழைய வழிகாட்டியைப் பார்த்து வேறிடத்தில் எழுதிவிட்டு 'மாறவே இல்லை' என்று நிற்பவர்கள் பலர்.
3. லினக்ஸ் கேர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி. எந்தப் பின் எந்த இயந்திரத்துக்கு என்ற பட்டியல் டிவைஸ் ட்ரீ என்னும் தரவுக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு டிரைவரும் எழும்பும்போது தனக்கு உரிய பின்களை அதன்படி கேட்டு எடுத்துக்கொள்ளும்.
4. உங்கள் நிரல். எல்லாவற்றுக்கும் கடைசி.

டிவைஸ் ட்ரீ ஏன் வந்தது என்று ஒரு வரி. முன்பு ஆர்ம் வகைச் சிப் உள்ள போர்ட் ஒவ்வொன்றுக்கும் கேர்னலுக்குள்ளேயே தனிச் சி கோப்பு எழுதினார்கள். அது குவிந்துகொண்டே போனதைப் பார்த்து 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே பேசினார். அதன் பிறகுதான் ஆர்ம் பக்கம் டிவைஸ் ட்ரீக்கு நகர்ந்தது. இப்போது போர்டின் விவரம் கேர்னலுக்கு வெளியே தனியாக இருப்பதால், ஓவர்லே என்னும் சிறு துண்டை மேலே போட்டுப் பின்னின் வேலையை மாற்றலாம். கொன்பிக் கோப்பில் 'டிடிஓவர்லே' என்று தொடங்கும் வரிகள் அதற்காகத்தான்.

கிணற்றில் பங்கு உள்ளவர்கள் முறை வைத்து இறைப்பது போல, கேர்னலும் ஒரு பதிவு வைத்திருக்கிறது. ஒரு டிரைவர் எடுத்த பின்னை இன்னொரு டிரைவர் கேட்டால், 'இந்தப் பின்னை இன்னார் ஏற்கெனவே கேட்டுவிட்டார்' என்று கேர்னல் செய்திகளில் எழுதி மறுத்துவிடும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் நாலாவது ஆள் அந்தப் பதிவுக்குள் வராமலே மடையை வெட்ட முடியும். அதைக் கீழே பார்ப்போம்.

கரண்ட் வந்த முதல் சில செக்கன்கள்

முதலாவது முறைப்பாட்டின் விடை இங்கே இருக்கிறது. கரண்ட் வந்ததற்கும் உங்கள் நிரல் முதல் வரியை ஓட்டுவதற்கும் இடையில் பல செக்கன்கள் போகின்றன. அந்த நேரத்தில் பின்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த 50 கிலோ ஓம் இழுப்பு மட்டுமே.

பின் மேலே, அதாவது 3.3 வோல்ட்டுக்கு, போனால் இயங்கும் வகை ரிலே மொடியூலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மொஸ்ஃபெட் என்னும் மின்சுவிட்ச் இருக்கிறது என்று வையுங்கள். அதை ஜிபிஐஓ 5இல் செருகினால், சிப்பின் பிறவிக் குணமான புல்-அப் அதன் வாயில் 3.3 வோல்ட் வரை ஏற்றிவிடும். மொஸ்ஃபெட்டின் வாய் மின்னோட்டம் கேட்பதில்லை, வோல்ட் மட்டும் போதும். ரிலே அடிக்கும், மோட்டர் ஓடும், நிரல் வந்து நிறுத்தும்வரை. அதே கம்பியை ஜிபிஐஓ 17க்கு மாற்றினால் புல்-டவுன் கீழே பிடித்துக்கொள்ளும், சத்தமே வராது. நிரலில் எண்ணையும் கம்பியையும் மாற்றியது தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பின் கீழே போனால் இயங்கும் வகை மொடியூலில் தவறு வேறு இடத்தில். அதில் பூட் நேரம் பெரும்பாலும் அமைதியாகவே போகும்: 50 கிலோ ஓம் வழியாக ஓடுவது 0.1 மில்லி அம்பியருக்கும் குறைவு, மொடியூலுக்குள் ஒளியால் கட்டளையைக் கடத்தும் ஒப்டோகப்ளரை எழுப்ப அது காணாது. நிரல் 'இந்தப் பின் வெளியீடு' என்று சொல்லும் கணத்தில்தான் ரிலே அடிக்கும். வெளியீடாக மாறிய பின்னின் முதல் மதிப்பு 0; அந்த மொடியூலுக்கு 0 என்றால் 'போடு'. அடுத்த வரியில் 1 எழுதுகிறீர்கள், சரி, ஆனால் அதற்குள் ஒரு 'டிக்' கேட்டுவிடும்.

ஒரு 'டிக்'தானே என்று விடலாமா? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். வெட்டும் ஒவ்வொரு தரமும் பெட்டிக்கு ஒரு மறுபிறப்பு. எஸ்டி கார்ட் பழுதாகிக் கேர்னல் பாதியில் நின்றுவிட்டால் நிரல் வரவே வராது. மோட்டரை நிறுத்த ஆளே இல்லை. தண்ணீர் வற்றிய கிணற்றில் ஓடினால் வைண்டிங் கருகும். குடாநாட்டில் இன்னொரு சேதமும் உண்டு. இங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மோட்டரை மாற்றிவிடலாம், உவர் ஏறிய கிணற்றை அப்படி மாற்ற முடியாது.

செய்ய வேண்டியவை, நம்பகத்தின் வரிசையில்:

1. ரிலேயின் உள்ளீட்டில் வெளியே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். மேலே இயங்கும் வகை என்றால் கிரவுண்டுக்கு, கீழே இயங்கும் வகை என்றால் 3.3 வோல்ட்டுக்கு. மென்பொருள் எதுவும் ஓடாதபோதும் உறுதியாக வேலை செய்வது இது.
2. மேலே இயங்கும் வகைக்கு ஜிபிஐஓ 9 முதல் 27க்குள் ஒரு பின்னைத் தெரியுங்கள். மொடியூல் 3.3 வோல்ட் கட்டளையில் இயங்குவதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.
3. கொன்பிக் கோப்பில் 'ஜிபிஐஓ=17=ஓபி,டிஎல்' என்ற வரியை ஆங்கில எழுத்தில் சேருங்கள். ஜிபிஐஓ 17ஐ வெளியீடாக்கி 0இல் வை என்று பொருள். கரண்ட் வந்து இது நடைமுறைக்கு வரவே சில செக்கன் ஆகலாம். அதனால்தான் ரெசிஸ்டர் முதலிடம்.
4. நிரலில் பின்னை வெளியீடாக்கும் கட்டளையிலேயே தொடக்க மதிப்பையும் கொடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: தோட்ட மோட்டரைச் சின்ன ரிலே மொடியூலில் நேராகப் பூட்டக் கூடாது. எழும்பும்போது மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ரிலே, கொன்டக்டர் என்னும் பெரிய சுவிட்சின் சுருளை இயக்கட்டும். கொன்டக்டர் மோட்டரை இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்தை வயரிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஜிஎஸ்எம் மொடியூலின் வாயை அடைத்தது யார்?

பட்டனை 15ஆம் இடத்தில் பூட்டினார்கள். நிரலில் 15 என்று எழுதினார்கள். ஆனால் நிரலின் மேல்பகுதியில் சிப்பின் எண்முறை தெரிவாகியிருந்தது. 15ஆம் இடத்துப் பின்னின் சிப் எண் 22. நிரல் தொட்டதோ ஜிபிஐஓ 15ஐ, அதாவது 10ஆம் இடத்தை, மொடியூலின் பதில் வந்து சேரும் சீரியல் கம்பியை. அந்த மூன்று பிட்டும் 000 ஆனதும் யுஆர்ட்டுக்கு வரும் மடை மூடிவிட்டது. மொடியூல் கத்திக்கொண்டுதான் இருக்கிறது, கேட்க ஆளில்லை.

கேர்னல் ஏன் தடுக்கவில்லை? ஆர்பிஐ ஜிபிஐஓ என்ற பழைய பைத்தன் லைப்ரரி கேர்னலிடம் கேட்பதில்லை. சிப்பின் நினைவகத்தில் நேரே எழுதுகிறது. பதிவேட்டில் பின் இன்னமும் யுஆர்ட்டின் பெயரில்தான் இருக்கும்.

ஆனாலும் அந்த லைப்ரரி ஒரு எச்சரிக்கை தரும்: இந்தப் பின் ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது, இருந்தாலும் தொடர்கிறேன் என்று. அதைப் பார்த்தால் பிழை அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம், மாதிரி நிரல்களில் முதல் வரிகளிலேயே எச்சரிக்கைகளை அடக்கும் கட்டளை ஒன்று இருப்பதுதான். பிள்ளைகள் அதையும் சேர்த்தே பிரதி எடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் இணக்கத்துக்கு இடமில்லை: அந்த வரியை அழியுங்கள்.

சீரியலில் இன்னும் இரண்டு பொறி இருக்கிறது.

முதலாவது, கொன்சோல். சீரியல் கொன்சோல் திறந்திருந்தால் கேர்னல் தன் பூட் செய்திகளை எல்லாம் ஜிபிஐஓ 14 வழியே கொட்டும். மறுமுனையில் கணினித் திரை இருந்தால் நல்லது. ஜிஎஸ்எம் மொடியூல் இருந்தால் அதற்கு அது விளங்காத கட்டளை மழை. ராஸ்பி-கொன்பிக் கருவியில் சீரியல் பகுதிக்குப் போனால் இரண்டு கேள்வி கேட்கும். சீரியலில் லொகின் வேண்டுமா என்பதற்கு 'இல்லை', சீரியல் வன்பொருள் வேண்டுமா என்பதற்கு 'ஆம்'. இரண்டுக்கும் 'இல்லை' போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, எந்த யுஆர்ட் என்பது. பை 3, 4, ஸீரோ டபிள்யூ ஆகியவற்றில் முழுமையான யுஆர்ட்டை புளூடூத் எடுத்துக்கொள்கிறது. வெளிப்பின்னுக்குக் கிடைப்பது மினி யுஆர்ட். அதன் வேகம் சிப்பின் உட்கடிகாரத்தோடு கட்டப்பட்டது. அந்தக் கடிகாரம் கூடிக் குறைந்தால் எழுத்துகள் சிதையும். கொன்பிக் கோப்பில் யுஆர்ட்டை இயக்கும் வரியைப் போட்டால் கடிகாரம் ஒரே வேகத்தில் நிறுத்தப்படும். கிணற்றடிப் பெட்டிக்கு புளூடூத் தேவையில்லை என்றால் அதை அணைக்கும் ஓவர்லேயைப் போட்டு முழுமையான யுஆர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதே நல்லது.

பின் காலி, உள்ளே ஆள் இருக்கிறார்

சில மோதல்கள் பின்னில் நடப்பதில்லை, இயந்திரத்தில் நடக்கின்றன. ஜிபிஐஓ 12, 18 இரண்டுக்கும் பிடபிள்யூஎம் உண்டு என்று அட்டவணை சொல்லும். இரண்டும் ஒரே பிடபிள்யூஎம் சானலின் இரண்டு வாசல்கள். வெவ்வேறு துடிப்பு கேட்க முடியாது. பை 3இல் ஹெட்போன் துளையின் சத்தமும் அதே பிடபிள்யூஎம்மில் இருந்துதான் வருகிறது. சேர்வோ மோட்டர் நடுங்கும்போது பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பை 5ம் மற்றப் போர்டுகளும்

2023இல் வந்த பை 5இல் வெளிப்பின்கள் முதன்மைச் சிப்பில் இல்லை. ஆர்பி1 என்னும் தனிச் சிப்பில் இருக்கின்றன. நினைவகத்தில் பழைய முகவரியைத் தேடி எழுதும் லைப்ரரிக்கு அந்த இடத்தில் ஆளே இல்லை. மூன்றாவது முறைப்பாடு அதனால்தான். மாற்று வேலைகளின் எண்களும் வேறு. கேர்னல் வழியாகப் போகும் லிப்ஜிபிஐஓடி லைப்ரரிக்கு நிரலை மாற்றி எழுதினால், அல்லது பழைய லைப்ரரியின் அதே பெயரில் அழைக்கக்கூடிய ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ போட்டால் நிரல் ஓடும். கேர்னல் வழியே போவதால் பதிவேடும் உண்மையாக இருக்கும்.

ஒரேஞ் பை போன்ற போர்டுகளில் 40 பின் வரிசை பார்க்க அதேபோல இருக்கும். எண்கள் வேறு. ஓல்வின்னர் சிப்பில் பின்னுக்கு 'பிடி14' மாதிரிப் பெயர் இருக்கும். ஏ என்றால் 0, பி 1, சி 2, டி 3 என்று எடுத்து 32ஆல் பெருக்கி, 14ஐக் கூட்டினால் 110. கேர்னலின் பழைய எண்முறையில் அதுதான் அந்தப் பின்.

2013இல் வந்த பீகிள்போன் பிளாக்கில் 46 பின் வரிசை இரண்டு. அங்கே ஒவ்வொரு பின்னுக்கும் 0 முதல் 7 வரை எட்டு நிலை, 7 என்றால் சாதாரணப் பின். பி8 வரிசையில் ஒரு பெரிய பகுதியை எச்டிஎம்ஐ திரையும் உள்நினைவகமும் முதலே பிடித்திருக்கும். அனலொக் உள்ளீடு உண்டு, ஆனால் 1.8 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் சிப் போய்விடும்.

பெட்டிக்குப் பின் பிரிப்பது

இடம் மாற்ற முடியாதவற்றை முதலில் இருத்துங்கள். எந்தப் பின்னிலும் போகக்கூடியவை மிச்சத்தில் இருக்கட்டும்.

1. ஐ2சி: ஜிபிஐஓ 2, 3 (இடம் 3, 5). இவற்றில் 1.8 கிலோ ஓம் புல்-அப் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. திரையும் ஏடிஎஸ் 1115உம் இதே இரண்டு கம்பியைப் பகிரலாம்.
2. சீரியல்: ஜிபிஐஓ 14, 15 (இடம் 8, 10).
3. ரிலே: ஜிபிஐஓ 17 (இடம் 11), வெளி ரெசிஸ்டரோடு.
4. நீர்மட்ட சென்சர்: ஜிபிஐஓ 23, 24 (இடம் 16, 18).
5. பட்டன்: ஜிபிஐஓ 22 (இடம் 15).
6. இடம் 27, 28ஐத் தொட வேண்டாம். மேலே பூட்டும் 'ஹட்' என்னும் துணைப் போர்டின் அடையாளச் சிப்புக்கு ஒதுக்கியவை.

பூட்டிய பிறகு 'பின்கொன்ட்ரோல்' (pinctrl) கட்டளையால் ஒவ்வொரு பின்னின் இப்போதைய வேலையையும் கேட்கலாம். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'ராஸ்பி-ஜிபிஐஓ'. ஐபி என்றால் உள்ளீடு, ஓபி என்றால் வெளியீடு, ஏ0, ஏ5 என்றால் ஆல்ட் வேலை. நிரல் ஓடும் முன் ஒரு தரம், ஓடும்போது ஒரு தரம் எடுத்து ஒப்பிடுங்கள். ஜிபிஐஓ 15க்கு முன்னர் ஏ5, இப்போது ஐபி என்று வந்தால் ஜிஎஸ்எம் மொடியூலைக் கழற்ற வேண்டியதில்லை.

கடைசிச் சோதனைக்குக் கணினித் திரை வேண்டாம். எஸ்டி கார்ட்டைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, மோட்டர் பக்கத்தைக் கழற்றி, ரிலேயின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய 12 வோல்ட் மின்குமிழைப் பூட்டுங்கள். பெட்டிக்கு வரும் கரண்டைப் பத்துத் தரம் போட்டு நிறுத்துங்கள். பிறகு கார்ட்டை உருவிவிட்டு இன்னும் ஒரு பத்துத் தரம். மின்குமிழ் ஒரு தரமாவது மினுங்கினால் பெட்டி இன்னும் மேசையில்தான் இருக்க வேண்டும்.